கிரேக்கப் புராண மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வண்ணம் தீட்டிய மினோட்டார், அதாவது காளைத்தலை மனிதன், ஒரு மண்ணுருண்டை மாதிரி இருந்தது. உடம்பு பழுப்பு, ரோமம் பழுப்பு, கோடாரிப் பிடி பழுப்பு, இடுப்புத் துணி பழுப்பு, காலடித் தரையும் பழுப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் இருந்தது. கோடு தாண்டிய இடம்கூடக் கிடையாது. விளையாட்டு மேசையில் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. எது கை, எது கோடாரி என்றே தெரியவில்லை.

பிரஷ் பிடித்த கையைக் குறை சொல்ல முடியாது. தோல், ரோமம், மரம், துணி, மண் என்று ஐந்து பொருள்களை ஒரே பொருளாக நினைத்துத் தீட்டியிருந்தேன். கிரேக்கப் புராண உருவங்களில் இது சுலபமாக நேர்ந்துவிடும். அங்கே வெற்றுடம்பும் வெண்கலமும் ரோமமும் தோல்வாரும் கல்லும்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பாதி, பழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவை போர் விளையாட்டுக்கான உருவங்கள். பகடையை உருட்டிக்கொண்டே, இருபது முப்பது உருவங்களுக்கு நடுவில், ஒரு கை தூரத்திலிருந்து பார்ப்பார்கள். அந்தத் தூரத்தில் வெண்கலம் வெண்கலமாகவும் ரோமம் ரோமமாகவும் தெரிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

உருவத்தைத் தயார் செய்வது

மனித உருவங்கள் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். பிளாஸ்டிக், ரெசின், உலோகம் என்று மூன்று வகை. எது உங்கள் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் பசை மாறும். பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசினிடமும் உலோகத்திடமும் அதன் பாச்சா பலிக்காது, சூப்பர் குளூதான்.

அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி எடுங்கள். கூர்ப்பக்கத்தால் சுரண்டினால் பள்ளம் விழும். இந்த வேலை சலிப்பூட்டும், எல்லோரும் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆனால் மாவீரன் ஹெராக்ளிஸின் வெற்றுத் தொடையில் அந்தக் கோடு இருந்தால், வாஷ் (இடுக்குகளில் போய்த் தங்கும் நீர்த்த பெயிண்ட்) போட்டதும் அறுவை சிகிச்சைத் தழும்பு மாதிரி எடுத்துக் காட்டும். கவச வீரனுக்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் வெற்றுடம்பு வீரனுக்குப் பதினைந்து நிமிடம் செலவழியுங்கள்.

ரெசின் உருவத்தின்மேல், அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய வழவழப்பு மிச்சம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். ஈட்டி வளைந்திருந்தால் சுடுநீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள், அப்படியே நிற்கும். ரெசினை உப்புத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் போட வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பறக்கும் குதிரை பெகாசஸின் சிறகு, பறவைப் பெண் ஹார்ப்பியின் சிறகு போன்றவை உலோகத்தில் இருந்தால் பசை மட்டும் தாங்காது. இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை வெட்டிச் சொருகி ஒட்டுங்கள். இடுக்குகளை இரண்டு கலவையைப் பிசையும் எபாக்ஸி புட்டியால் அடைக்கலாம்.

எல்லாவற்றையும் முதலிலேயே ஒட்டிவிடாதீர்கள். கிரேக்க வீரனின் வட்டக் கேடயம் மார்பையே மறைத்துவிடும். அதைத் தனியாக ஒரு குச்சியில் ஒட்டித் தீட்டி, கடைசியில் சேருங்கள். பல தலை நாகமான ஹைட்ராவின் தலைகளுக்கும் இதே கதை.

நிறத்தை முடிவு செய்வது

கிரேக்கம் என்றதும் வெள்ளைப் பளிங்கு நினைவுக்கு வரும். அந்த வெள்ளை, காலம் சுரண்டிவிட்டுப் போன மிச்சம். அந்தச் சிலைகளெல்லாம் ஒரு காலத்தில் பளிச்சென்று வண்ணம் பூசியவை. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கிடைத்த, கி.மு. 530 வாக்கைச் சேர்ந்த பெப்லாஸ் கோரே என்ற பெண் சிலையில் வண்ணத் தடயம் இன்னும் இருக்கிறது. ஏஜினா தீவின் அஃபாயா கோயில் முகப்பிலிருந்த வில்லாளியின் சிலையை ஜெர்மன் ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மானின் குழு வண்ணத்தோடு மீட்டுருவாக்கிக் காட்டியது. கால்சட்டை முழுக்க சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக வைர வடிவக் கட்டங்கள். 2003-இல் மியூனிக்கில் தொடங்கிய கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள்; கோமாளி உடை மாதிரி இருக்கிறதே என்று. நமக்கோ அது நல்ல செய்தி. வரலாறே அனுமதி கொடுத்துவிட்டது, தைரியமாக நிறம் போடலாம்.

அன்றைக்குக் கையில் இருந்த நிறமிகள் காவிமண், மஞ்சள் காவி, சின்னபார் எனும் பாதரசச் சிவப்பு, அஸுரைட் நீலம், எகிப்திய நீலம், மாலகைட் பச்சை, சுண்ண வெள்ளை, கரி. முரெக்ஸ் என்ற கடல் சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் பெரும் பணக்காரர்களுக்கு. இந்தப் பட்டியலை விட்டு வெளியே போகாமல் ஒரு படையைத் தீட்டினால் அதற்கென்று ஒரு குடும்ப ஜாடை வந்துவிடும். நான் படை முழுவதற்கும் இரண்டு துணி நிறம், தலைக்கவச உச்சிக்கு ஒரு குஞ்ச நிறம் என்று வைத்துக்கொள்வேன். வெண்கலமும் தோல்நிறமும் ஏற்கெனவே சூடான பக்கம் இழுப்பதால், துணியில் ஒன்றாவது நீலமோ பச்சையோ, குளிர்ந்த பக்கமாக இருப்பது நல்லது. என் பழைய மினோட்டாரில் ஒரு துளி நீலம் இருந்திருந்தால்கூடத் தப்பியிருக்கும்.

பிரைமர்

பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு இது, தவிர்க்கவே முடியாது. ஸ்பிரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கையை நகர்த்திக்கொண்டே விட்டுவிட்டு அடியுங்கள். கிட்டப் போனால் விவரங்கள் மூழ்கிவிடும். ரொம்பத் தள்ளிப் போனால் துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்து, உருவம் உப்புத்தாள் போல ஆகிவிடும். ஈரக்காற்று வீசும் நாளில் அடிக்கவே வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு அடியுங்கள்.

முதலில் முழுவதும் கருப்பு. காய்ந்ததும் நேர் மேலிருந்து மட்டும் வெள்ளை. இப்போது உருவத்தைப் பாருங்கள்: நெற்றி, தோள், கேடயத்தின் மேல்விளிம்பு எல்லாம் வெளுத்தும், தாடையின் அடிப்பக்கம், அக்குள், துணி மடிப்பு எல்லாம் இருண்டும் இருக்கும். உச்சி வெயில் எங்கே விழும் என்று உருவமே காட்டிவிடுகிறது. ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே ஹைலைட் (ஒளிபடும் மேட்டுக்கான வெளிர்நிறம்) போடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் அதுதான் கைகொடுக்கும்.

வெண்கல ராட்சதன், முழுக்கவச வீரன் போன்ற உருவங்களுக்கு வெறும் கருப்பே போதும்.

பெயிண்ட்டும் பிரஷ்ஷும்

அக்ரிலிக் பெயிண்ட்தான். பாட்டிலில் இருப்பதை அப்படியே பூசாதீர்கள்; தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போடுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்க அசிங்கமாக இருக்கும். பயந்து தடியாக அப்பிவிடத் தோன்றும். பொறுங்கள், இரண்டாவது பூச்சில் சரியாகிவிடும்.

மூடியுள்ள ஒரு தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்தால் ஈரப் பேலட் (பெயிண்ட் கலக்கும் தட்டு) தயார். பெயிண்ட் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். பிரஷ் விஷயத்தில் எல்லோரும் மிகச் சிறியதை வாங்கி ஏமாறுகிறார்கள். மூன்று பூஜ்ய பிரஷ்ஷில் கண்ணுக்குப் போவதற்குள் பெயிண்ட் நுனியிலேயே காய்ந்துவிடும். கூர்நுனியுள்ள 1 அல்லது 2 எண் பிரஷ் ஒன்று முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். டிரை பிரஷ் செய்வதற்கு (பெயிண்ட்டைக் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் வருடுவது), முடி தேய்ந்த கிழட்டுப் பிரஷ் ஒன்றைத் தூக்கிப்போடாமல் வையுங்கள். பிரஷ்ஷை வாயில் வைத்து நுனி கூட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெண்கலம்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

புது வெண்கலம் பொன்னிறம். அருங்காட்சியகத்தில் பச்சையாகவும் கருப்பாகவும் பார்க்கிறோமே, அது பல நூற்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்ததால் வந்தது. உயிரோடு நடமாடும் வீரனின் தலைக்கவசம் துடைத்து மெருகேற்றியது. அதில் பச்சை வரக்கூடாது. வரிசை இப்படி:

1. மெட்டாலிக் பெயிண்ட் ஓரளவு ஒளி ஊடுருவுவது, அடியில் உள்ள நிறம் தெரியும். எனவே முதலில் சாதாரண அடர்பழுப்பை முழுவதும் பூசுங்கள்.
2. வெண்கல மெட்டாலிக்கை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். ஆழமான இடுக்குகளில் பழுப்பை அப்படியே விட்டுவிடலாம்.
3. காய்ந்ததும் அடர்பழுப்பு வாஷ். மார்புக் கவசத்தின் தசைக்கோடுகளில் அது போய் உட்காரும். தட்டையான இடத்தில் குளம் கட்டினால், ஈரமில்லாத சுத்தமான பிரஷ் நுனியால் தொட்டு உறிஞ்சி எடுங்கள். அரை மணி நேரம் தொடாதீர்கள்.
4. மேடான பரப்புகளில் மறுபடி வெண்கலம். பள்ளங்களைத் தொடக்கூடாது.
5. விளிம்புகளில் பொன் நிறம்: கவசத்தின் கழுத்தோரம், கண்துளையின் சுற்று, முழங்கால் கவசத்தின் நடுக்கோடு.
6. பொன்னோடு வெள்ளி கலந்து சில புள்ளிகள் மட்டும். தலைக்கவச உச்சி, மூக்குத் தகட்டின் மேல்முனை, தோள். நான்கு ஐந்து புள்ளி போதும். ஆசைப்பட்டு எல்லா விளிம்பிலும் வைத்தால் பளபளப்பே செத்துவிடும்.

மெட்டாலிக் பெயிண்ட்டில் நுண்ணிய தகட்டுத் துகள் உண்டு. அதற்குத் தனித் தண்ணீர்க் குவளை வைக்காவிட்டால் அடுத்து தீட்டும் முகம் ஜிகினா பூசியது போல மினுங்கும்.

இனி டாலோஸ். கிரீட் தீவைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்த வெண்கல மனிதன். கடற்காற்றிலேயே வாழ்ந்தவனுக்குக் களிம்பு ஏறாமல் இருக்குமா? மேலே சொன்ன ஆறு படியும் முடிந்த பிறகு, நீலப்பச்சையில் கொஞ்சம் வெள்ளை கலந்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, மூட்டு இடுக்குகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் ஓடவிடுங்கள். அரை நிமிடம் கழித்து, ஈர விரலால் மேடான இடங்களைத் துடைத்துவிடுங்கள். ஆணியின் கீழே மழைநீர் வழிந்த தாரை போல ஒரு கோடு செங்குத்தாக இழுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: தேய்மானம் உள்ள இடத்தில் களிம்பு நிற்காது. உள்ளங்கை, முழங்கால் முன்பக்கம், பாறையைத் தூக்கி எறியும் தோள் இவையெல்லாம் பளிச்சென்றே இருக்கட்டும். பச்சையும் பொன்னும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் உலோகம் உலோகமாகத் தெரிகிறது.

முகத்துக்கு ஒரு யோசனை. 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கடலில் கிடைத்த இரண்டு கிரேக்க வெண்கல வீரர்களின் உதடு செம்பால் ஆனது. அவர்களில் ஒருவனுக்கு வெள்ளிப் பற்கள். டாலோஸின் உதட்டில் செம்பு நிறத்தை ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், சட்டென்று ஆள் விழித்துக்கொள்வான். அவன் உயிர்நீரை அடைத்திருந்த கணுக்கால் ஆணி பிடுங்கப்பட்டு அது வழிந்தோடும் காட்சியைப் பலரும் எரிமலைக் குழம்பு மாதிரி ஆரஞ்சில் தீட்டுகிறார்கள். அப்பொல்லோனியஸின் காவியம் அது உருகிய ஈயம் போல ஓடியதாகச் சொல்கிறது. அடர்சாம்பலின்மேல் வெள்ளி, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். பொன்னிறக் காலில் அந்தச் சாம்பல் ஆரஞ்சைவிட நன்றாக எடுபடும்.

தோல்

நடுத்தரப் பழுப்பு கலந்த தோல்நிறத்தை அடியாகப் பூசி, செம்பழுப்பு வாஷை நீர்க்கவைத்துப் போடுங்கள். காய்ந்ததும் அடிநிறத்தையே மேடான தசைகளில் மறுபடி பூசி, பிறகு அதில் தந்த நிறம் சேர்த்துச் சேர்த்து இரண்டு படி ஏற்றுங்கள். வெறும் வெள்ளை சேர்த்தால் தோல் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, தோள், விரல்முட்டி, முழங்கால் சில்லு ஆகிய இடங்களில் கடைசி ஒளி. மிக நீர்த்த சிவப்பை மூக்கிலும் முழங்கையிலும் ஒரு தடவு தடவினால் ரத்தம் ஓடும்.

பழைய கருப்புருவப் பானைகளில் ஆண்களைக் கருப்பாகவும் பெண்களை வெள்ளையாகவும் வரைவது வழக்கம். அதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீரர்கள் வெயிலில் கறுத்தும், ஆதீனா போன்ற தேவியர் அவர்களைவிட ஒரு படி வெளுத்தும் இருந்தால், மேசையில் தெய்வம் யார் மனிதர் யார் என்று கேட்காமலே தெரியும்.

ரோமம்: மினோட்டார்

மினோட்டாரை எல்லோரும் பழுப்பில்தான் தீட்டுகிறார்கள், நானும் தீட்டினேன். கதையை நினைத்துப் பாருங்கள். பொசைடன் கடலிலிருந்து அனுப்பிய அழகான வெள்ளைக் காளையை மைனாஸ் மன்னன் பலிகொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டான். அந்தக் காளைக்குப் பிறந்ததுதான் இது. அப்பன் வெள்ளை என்றால் பிள்ளை வெள்ளையாக இருக்கக்கூடாதா? இருண்ட சிக்கல்வழிக்குள் வெள்ளைக் காளைத்தலை ஒன்று வருவது பழுப்புத் தலையைவிடப் பயங்கரமாகவும் இருக்கிறது.

வெள்ளையை வெள்ளையில் தொடங்கக்கூடாது. சூடான சாம்பல் அடி. மிக நீர்த்த பழுப்பு வாஷ். பிறகு டிரை பிரஷ். பழைய பிரஷ்ஷில் தந்த நிறத்தைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ரோமம் போகும் திசைக்குக் குறுக்கே லேசாக வருடுங்கள். கையின் பின்புறத்தில் வருடிப் பார்த்தால் ரேகை மட்டும் தெரிய வேண்டும், அதுதான் பதம். கடைசியாக, கொம்புகளுக்கு நடுவேயும் பிடரியிலும் மட்டும் சுத்த வெள்ளை.

சிக்கல் கழுத்தில்தான் வரும், ரோமம் முடிந்து மனிதத் தோல் தொடங்கும் இடத்தில். அங்கே கோடு கிழித்ததுபோல் இருந்தால் முகமூடி போட்ட ஆளாகிவிடும். ரோம நிறத்தைக் கூர்நுனியால் சின்னச்சின்ன முடிகளாகத் தோல்மேல் இழுத்துவிடுங்கள்; முதலில் நெருக்கமாக, கீழே போகப்போக அருகி, மார்பில் நான்கைந்து முடியோடு நின்றுவிட வேண்டும். பாதி மனிதன், பாதி குதிரையான சென்டார்களின் இடுப்புக்கும் இதே வித்தை.

கொம்பு எளிது. அடர்பழுப்பு அடிமேல், நுனியை நோக்கித் தந்த நிறக் கோடுகள். உண்மையான கொம்பில் நுனி கறுத்திருக்கும் மாடுகளும் உண்டு, திருப்பிப் போட்டாலும் தப்பில்லை.

மெடூசா

பாம்புக் கூந்தலும், பார்த்தவரைக் கல்லாக்கும் முகமும் கொண்டவள் மெடூசா. பாம்புகளைப் பார்த்துப் பயந்துதான் பலர் இவளைத் தள்ளிப்போடுகிறார்கள். பன்னிரண்டு பாம்பை ஒவ்வொன்றாக முடிக்கப் போனால் பயம் நியாயமே. எல்லாப் பாம்புக்கும் ஒரே நேரத்தில் ஒரு படி: முழுவதும் அடர்பச்சை, முழுவதும் கரும்பச்சை வாஷ், பிறகு ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெளிர்பச்சைக் கோடு. தலையோட்டிலிருந்து பாம்பின் தலை வரை போகப்போக வெளுக்கட்டும். வேர்ப்பக்கம் இருண்டு கிடந்தால் பாம்புகள் முகத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் மாதிரி விரியும். கடைசியில் கண்ணுக்கு ஒரு மஞ்சள் புள்ளி, வேண்டுமானால் முன்வரிசைப் பாம்புகளுக்கு மட்டும். பின்னால் உள்ளதை யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பில் மெடூசாவும் அவள் சகோதரிகளுமான கோர்கன்களுக்குப் பன்றியின் கோரைப்பல், வெண்கலக் கைகள், பொன் சிறகுகள் என்று வர்ணனை இருக்கிறது. நான் ஒரு மெடூசாவுக்கு வெளிறிய பச்சைத்தோலைத் தோள்வரை தீட்டி, முழங்கைக்குக் கீழே வெண்கலமாக மாற்றினேன். நடுவில் தோலின்மேல் மெல்லிய பழுப்பு, அதன்மேல் விட்டுவிட்டு வெண்கலப் புள்ளிகள், பிறகு முழு வெண்கலம். உருவத்தில் ஒரு கீறல்கூட மாற்றாமல் கதை மாறிவிட்டது.

அவள் காலடியில் கல்லாகிக்கொண்டிருக்கும் ஒருவனை வைத்தால் இன்னும் அழகு. மீந்துபோன வீரன் ஒருவனை வழக்கம்போல் நிறத்தில் தீட்டி முடியுங்கள். பிறகு பாதத்திலிருந்து சாம்பல் நிறத்தை மேல்நோக்கி ஏற்றுங்கள். தொடை வரை முழுச் சாம்பல், இடுப்பில் ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றிய திட்டுகள், மார்பில் ஓரிரு விரிசல் கோடு. முகத்தை மட்டும் உயிரோடு விட்டுவிடுங்கள்.

கேடயமும் துணிக்கரையும்

அஸ்பிஸ் எனும் வட்டக் கேடயம் நிஜத்தில் சுமார் 90 சென்டிமீட்டர் விட்டம். நம் அளவில் 15 மில்லிமீட்டர் வாக்கில் வரும். படையின் முன்வரிசையில் கண்ணில் படுவது முகமல்ல, இந்த வட்டங்கள்தான். ஆகவே நேரத்தை இங்கே கொட்டுங்கள்.

எந்தச் சின்னம் போடுவது? கி.மு. 650–640 வாக்கில் கொரிந்தில் செய்த சீகி குடத்தில் அணிவகுக்கும் வீரர்களின் கேடயங்களில் பறவை, விலங்குத்தலை, கோர்கன் முகம் எல்லாம் இருக்கின்றன. ஆளுக்கொரு சின்னம். ஸ்பார்ட்டாவின் லாம்டா எழுத்து கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் வருவது. ஹெராக்ளிஸ் காலத்து வீரன் கையில் அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். உங்களுக்கு உறுத்தாவிட்டால் போடுங்கள், விளையாட்டுதானே.

வரைவதற்கு முன் உருவத்தைச் சின்ன வடிவங்களாக உடையுங்கள். கோர்கன் முகம் என்றால் ஒரு வட்டம், இரண்டு பெரிய கண், அகன்ற வாய், தொங்கும் நாக்கு, சுற்றிலும் சுருள்கள். நீர்த்த சாம்பலால் மெல்லிய குறுக்குக்கோடு போட்டுக் கண்ணின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை நிரப்பிய பிறகு பிசிறுகளைப் பின்னணி நிறத்தால் வெட்டுங்கள். கோடு நேராக வருவது கைத்திறமையால் பாதி, இந்த வெட்டலால் பாதி.

மேலங்கிக் கரையில் கிரேக்கச் சுருள்கோலம் போட ஆசை வரும். ஒன்றரை மில்லிமீட்டர் கரையில் முழுச் சுருளும் கொள்ளாது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ப போன்ற வடிவை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். தள்ளி நின்றால் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். மாதிரி வேண்டுமானால் வத்திக்கானில் உள்ள, எக்ஸீகியாஸ் என்ற பானை ஓவியரின் குடத்தைப் பாருங்கள், கி.மு. 540–530 வாக்கைச் சேர்ந்தது. ட்ராய் போர் வீரர்களான அகிலீஸும் ஏஜாக்ஸும் போர்முனையில் உட்கார்ந்து பலகை விளையாடுகிறார்கள். ஒருவன் வாயருகே நான்கு, மற்றவன் வாயருகே மூன்று என்று எழுதியிருக்கிறது. இருவர் மேலங்கியிலும் இழை இழையாக வேலைப்பாடு. நம் பொழுதுபோக்குக்கு இதைவிட நல்ல காவல் தெய்வங்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஹைட்ராவும் எலும்பு வீரர்களும்

ஹைட்ராவின் முதுகுச் செதிலை டிரை பிரஷ், வயிற்றுப் பக்கத்தை வெளிர்மஞ்சள் என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. வெட்டுப்பட்ட கழுத்து இருந்தால் அது கருகியிருக்க வேண்டும். ஹெராக்ளிஸுக்குத் துணையாக வந்த இயோலாஸ் தீக்கொள்ளியால் சுட்டுத்தானே மறுதலை முளைக்காமல் தடுத்தான். நுனியில் கருப்பு, அதற்குக் கீழே அடர்சிவப்பு, பிறகு பச்சை.

நாகப்பல்லை விதைத்து முளைத்த ஸ்பார்ட்டோய்கள் மூலக்கதையில் கவசமணிந்த ஆண்கள். அவர்களை எலும்புக்கூடாக்கியது 1963-இல் வந்த ஒரு திரைப்படம். எலும்பாக வாங்கியிருந்தால் தந்த நிறம், பழுப்பு வாஷ், தந்த நிற டிரை பிரஷ். ஒரே மாலையில் பத்து முடியும். மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பதால் முழங்காலுக்குக் கீழே தரை நிறத்தையே ஒற்றிவிடுங்கள். இவர்களின் வெண்கலத்தில் மட்டும் களிம்பு தாராளமாக இருக்கலாம்.

கண்

கண் குழியில் முதலில் அடர்பழுப்பு. அதற்குள், ஓரத்தில் பழுப்பு மிஞ்சுமாறு, தந்த நிறத்தில் ஒரு குறுங்கோடு. நடுவில் கருவிழியைப் புள்ளியாக வைக்காமல், மேலிமையிலிருந்து கீழிமை வரை தொடும் சிறு நேர்க்கோடாக வையுங்கள். புள்ளி வைத்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பான். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்ப்பது கடினமென்றால் இரண்டையும் லேசாக ஒரு ஓரம் தள்ளிவிடுங்கள். முகத்தையே மூடும் கொரிந்து பாணித் தலைக்கவசம் அணிந்தவனுக்குக் கண்ணே வேண்டாம், இருட்டு போதும். சைக்ளோப்ஸ் ராட்சதனுக்கு ஒரே கண் என்பதால் தப்பிக்க வழியில்லை: கருவிழியைச் சுற்றி வெளிர்ந்த வளையம், மேல் இடது மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஓரங்களில் நீர்த்த சிவப்பு.

தரை

வெள்ளைப் பசை தடவி மணலும் சிறு கற்களும் தூவி, காய்ந்ததும் செம்பழுப்பு, பிறகு வெளிர் மணல்நிற டிரை பிரஷ். வைக்கோல் நிறக் காய்ந்த புல்லும், ஆலிவ் இலை போன்ற சாம்பல்பச்சைச் செடியும் இரண்டு கொத்து வைத்தால் மத்தியதரைக் கடலோரம் வந்துவிடும். பசும்புல் வேண்டாம், லெர்னாவின் சதுப்பில் வாழ்ந்த ஹைட்ராவுக்கு மட்டும் அது பொருந்தும்.

இடிந்த தூண் வைத்தால் தூய வெள்ளையில் தீட்டாதீர்கள். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைக் கட்டிய பெண்டெலிக் பளிங்கில் இரும்பு கலந்திருப்பதால் நாளாக நாளாகத் தேன்நிறம் ஏறும். தந்த வெள்ளை அடி, இடுக்கில் நீர்த்த மஞ்சள் காவி, குறுக்காக நடுங்கும் கையால் சாம்பல் நரம்புகள், அவற்றின்மேல் நீர்த்த வெள்ளை ஒரு பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சில்தான் நரம்பு கல்லுக்குள்ளே போகும்.

வார்னிஷ்

விளையாடும் உருவத்தைக் கைகள் தொட்டுக்கொண்டே இருக்கும், வார்னிஷ் இல்லாவிட்டால் மூக்கும் முழங்காலும் முதலில் உரியும். ஒரு நாள் காயவிட்டு, பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மெல்லியதாக அடியுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும் என்பதால் பிரைமருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு. மேட் பூச்சு வெண்கலத்தின் பளபளப்பையும் அடக்கிவிடும். காய்ந்த பிறகு பொன், வெள்ளிப் புள்ளிகளைக் கவச விளிம்பில் மறுபடி தொட்டுவிடுங்கள். சைக்ளோப்ஸின் கண்ணிலும் ஹைட்ராவின் நாக்குகளிலும் சதுப்புநீரிலும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி.

அந்தப் பழுப்பு மினோட்டார் உலோகத்தில் வார்த்தது. போன வாரம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்து, டூத்பிரஷ்ஷால் தேய்த்து, பெயிண்ட் முழுவதையும் உரித்து எடுத்தேன். கழுத்துக்குப் பின்னால், அன்றைக்குச் சுரண்டாமல் விட்ட அச்சுக்கோடு அப்படியே இருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். இந்த முறை தலை வெள்ளை, இடுப்புத் துணி நீலம்.